சொந்த வேண்டுகோளின்பேரில்

15.8.2025, வெள்ளி

காலை ஏழரைக்கு நகராட்சிப் பள்ளியில் கொடியேற்றம். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து ஏழு பேர் போயிருந்தோம். ஏழு பேருக்கும் சேர்த்து உருப்படியான முழங்கால் ஐந்து தேறினால் அதிகம். இருந்தாலும் 'அட்டென்ஷன்' என்ற சத்தம் கேட்டதும் எல்லாரும் விறைத்துவிட்டோம். மிட்டாய் கொடுத்தார்கள். பகவதிக்கென்று ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அது உருகிப் பையோடு ஒட்டிக்கொண்டது.

"இருபத்திநாலு வருசம் மிலிட்டரில இருந்துட்டு ஒரு முட்டாயை ஒழுங்காக் கொண்டுவந்து சேக்கத் தெரியல" என்றாள். இவளிடம் என் பென்ஷன் புத்தகத்துக்குக்கூட மரியாதை கிடையாது.

கொடியேற்றம் முடிந்ததும் சங்கத் தலைவர் சுபேதார் ஜெபமணி சாப் என்னைத் தனியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"குத்தாலம், உங்க பட்டாலியன் வெள்ளைப்பாண்டி செத்து வார ஒம்பதாந் தேதியோட இருபத்தஞ்சு வருசம். சௌர்ய சக்ரா வாங்குனவன். அவன் ஊர்ல ஒரு கல்லு கூட இல்ல. பனையடிக்குளம் பள்ளிக்கூடத்து வாசல்ல வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். வாசகம் நீ எழுதிக் குடுத்துரு."

"வேற யாரையாவது வச்சு எழுதுங்க சாப். பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் இருக்காரே."

"வாத்தியார் அடுக்குமொழி எழுதிக் கொன்னுருவாரு. நீ அவன் கம்பெனி கிளார்க். அவன் விருதுக்கான அறிக்கையை டைப் அடிச்சவனும் நீதான். அதைத் தமிழ்ல போடு, போதும்."

சரி என்று சொல்லிவிட்டேன். சாப்பிடம் இல்லை என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

16.8.2025, சனி

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். நாள் அதிலேயே போய்விட்டது. வாசகம் எழுத நேரம் இல்லை.

18.8.2025, திங்கள்

பெயிண்டர் வந்தார். வீட்டுக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம், வெள்ளையடித்தே ஆகவேண்டுமாம். பகவதியின் ஆணை. வாசலுக்கு மேலே சிமெண்டில் எழும்பிய எழுத்து: 'பகவதி இல்லம், 8.9.2000'. பேர் இருக்கட்டும், தேதியின்மேல் சுண்ணாம்பை அடித்துவிடுங்கள் என்று பெயிண்டரிடம் சொன்னேன். பகவதி உள்ளேயிருந்து கேட்டுவிட்டாள்.

"தேதி என்ன பாவம் பண்ணுச்சு? நீங்க லீவு போட்டு வந்து பால் காய்ச்சுன நாளு. சிவப்பு அடிங்க, பளிச்சுனு தெரியட்டும்."

சிவப்பு அடித்தாயிற்று. தெருமுனையிலிருந்தே தெரிகிறது.

20.8.2025, புதன்

இன்று உட்கார்ந்தேன். அறிக்கையின் நகல் என் ஃபைலில் இருக்கிறது. என் டைப்ரைட்டரில் 'e' எழுத்து கொஞ்சம் மேலே ஏறி விழும். அந்தக் கோணலைப் பார்த்ததும் ஜம்முவைத் தாண்டி மலைமேல் இருந்த அந்த ஆபீஸ் கூடாரத்து மண்ணெண்ணெய் வாசம் வந்துவிட்டது.

வெள்ளைப்பாண்டி என்னைவிட ஒன்பது வயது இளையவன். ஒரே தாலுகா என்பதால் எனக்கு அவன் தம்பி, அவனுக்கு நான் அண்ணாச்சி. அவ்வளவு பெரிய பட்டாலியனில் 'என்னவே' என்று பேச எனக்கிருந்த ஒரே ஆள். வாலிபாலில் கில்லாடி. பேப்பர் என்றால் காத தூரம் ஓடுவான். எந்தப் படிவத்தை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவான். "அண்ணாச்சி எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்பான். ஊரிலிருந்து வரும் நார்த்தங்காய் ஊறுகாயில் முதல் துண்டு எனக்கு வரும்.

அவன் செய்தது இது. 2000 செப்டம்பர் 9, காலை. பன்னிரண்டு பேர் ரோந்து போனபோது ஓடைப் பள்ளத்தில் வைத்து மேலேயிருந்து சுட்டார்கள். இரண்டு பேர் வெட்டவெளியில் அடிபட்டு விழுந்தார்கள். நாயக் வெள்ளைப்பாண்டி தவழ்ந்து போய் ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். திரும்பப் போய் அடுத்தவனையும் இழுத்து வந்தான். அப்போதே அவனுக்குத் தொடையில் குண்டு. ஒயர்லெஸ் ஆள் இன்னும் பாறைக்குப் பின்னால் மாட்டிக்கிடந்தான். மூன்றாவது தடவையும் போனான். அவன் விடாமல் சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ஆள் ஓடி வந்துவிட்டான். வெள்ளைப்பாண்டி வரவில்லை. மூன்று பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அதில் ஒருவன் சஜீவன், கொல்லத்தில் பேக்கரி வைத்திருக்கிறான்.

நான் அங்கே இல்லை. லீவில் இருந்தேன். மற்றவர்கள் சொன்னதைத்தான் டைப் அடித்தேன்.

தமிழில் போட்டுக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'தனக்கு வழங்கப்பட்ட விடுப்பைச் சொந்த வேண்டுகோளின்பேரில் தள்ளிவைத்து, தோழர்களோடு முன்னணியில் இருப்பதைத் தேர்ந்துகொண்டார்.'

டீ ஆறிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

21.8.2025, வியாழன்

பார்க்கவில்லை.

24.8.2025, ஞாயிறு

ஜெபமணி சாப் விடவில்லை. வீட்டாரிடம் சம்மதமும் நல்ல போட்டோ ஒன்றும் வாங்க வேண்டும் என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பனையடிக்குளம் போனார். பன்னிரண்டு கிலோமீட்டர். இந்த இருபத்தைந்து வருஷத்தில் அந்த வீட்டு வாசலை நான் மிதித்தது ஒரே தடவை, அடக்கத்தன்று.

சண்முகவடிவு அடையாளமே தெரியவில்லை. அன்றைக்கு இருபத்திரண்டு வயதுப் பெண். இப்போது முன்தலை நரைத்து, கண்ணாடி போட்டு, சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. நல்லா இருக்கியளா? அவுக வாய் ஓயாம உங்களைத்தான் சொல்லுவாக. ஒவ்வொரு லெட்டர்லயும் அண்ணாச்சி அண்ணாச்சின்னு இருக்கும்."

மகள் சுபாஷினி காபி கொண்டுவந்தாள். தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். அப்பன் மூக்கு, அப்பன் நடை. வெள்ளைப்பாண்டி எடுத்துப் பார்க்காத பிள்ளை.

முந்தின நாள் நான் ஒருவழியாக முடித்துக் கொடுத்த வாசகத்தைச் சாப் கணீரென்று படித்தார். அந்த வரி வந்ததும் சண்முகவடிவு எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சுபாஷினிதான் பேசினாள்.

"மாமா, அந்த லீவு வரி மட்டும் வேண்டாம்."

"ஏம்மா, அதுதானே தியாகம்" என்றார் சாப்.

"உங்களுக்குத் தியாகம். எங்கம்மாவுக்கு வேற. மூணாந் தேதி ஞாயித்துக்கிழமை வந்துருவேன், பிள்ளையைக் குளிப்பாட்டி வையின்னு அப்பா லெட்டர் போட்டிருந்தாக. வரல. ஏன் வரலைன்னு ஒரு தகவலும் இல்ல. ஒரு வாரத்துல பெட்டிதான் வந்துச்சு. அப்புறம் டெல்லியில விருது குடுக்கும்போது, அவுகளே லீவு வேண்டாம்னு சொன்னதா வாசிச்சாங்க. ஆச்சி அதைப் பிடிச்சுக்கிட்டா. பொட்டப்பிள்ளைன்னு தெரிஞ்சதும் எம்மவனுக்கு வர மனசில்லாமப் போச்சுன்னு சாகுற வரைக்கும் சொன்னா. தெருவுல சொன்னாங்க. ஸ்கூல்ல ஒருத்தி என் மூஞ்சிக்கு நேராவே சொன்னா. அதைக் கல்லுல வெட்டி ஊர் நடுவுல வைக்கணுமா மாமா?"

அவள் அழவில்லை. வகுப்பில் பாடம் நடத்துவது போலத்தான் சொன்னாள். சாப் என்னைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த உளுந்தவடையைப் பார்த்தேன். பிறகு அதை எடுத்துத் தின்றேன். இதையும் எழுதிவைக்கிறேன்: முழு வடையையும் தின்றேன்.

"யோசிப்போம்மா" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

25.8.2025, திங்கள்

டிரங்குப் பெட்டியின் சாவியைக் காணவில்லை. தேடவும் இல்லை.

27.8.2025, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. சாப் போனில் கேட்டார், அரசாங்கம் கொடுத்த அறிக்கையில் உள்ள வரியை நாம் வெட்டலாமா, பின்னால் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று. கல் தச்சர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறாராம். நான் சொல்கிறேன் என்றேன்.

28.8.2025, வியாழன்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. இந்த நோட்டிலும் மறைத்துக்கொண்டுதான் எழுதிவருகிறேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அப்போது எங்கள் கம்பெனியில் லீவுக்குக் கட்டு. குறித்த தேதியில் ஒருவர்தான் கிளம்பலாம். யார் எப்போது என்கிற ரோஸ்டர் என் கையில். ஆகஸ்ட் 29 முதல் நாயக் வெள்ளைப்பாண்டி. செப்டம்பர் 10 முதல் நான். ஜூனில் மகள் பிறந்தாள் என்று தந்தி வந்த நாளிலிருந்து அவன் அந்த 29ஐச் சொல்லிக்கொண்டே திரிந்தான்.

ஆகஸ்ட் நடுவில் என் அண்ணனிடமிருந்து கடிதம். வீடு முடிந்துவிட்டது, ஆவணி 23 வெள்ளிக்கிழமை நல்ல நாள், பால் காய்ச்ச வந்துவிடு, இதை விட்டால் புரட்டாசி வந்துவிடும் என்று. ஆவணி 23 என்றால் செப்டம்பர் 8. என் லீவு பத்தாம் தேதி.

வெள்ளைப்பாண்டியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பான், அது எனக்குத் தெரியும். ஆனால் கேட்டால் அவன் முகத்தைப் பார்க்கவேண்டி வரும். அதனால் கேட்கவில்லை. ரோஸ்டரில் பெயரை மாற்றினேன். குறிப்புப் பத்தியில் 'சொந்த வேண்டுகோளின்பேரில் 12 நாள் தள்ளிவைப்பு' என்று எழுதினேன். கம்பெனி கமாண்டர் சின்ன வயது கேப்டன், நல்ல மனிதர். நான் நீட்டினால் கையெழுத்துப் போடுவார். வெள்ளைப்பாண்டியிடம், "மேல இருந்து உத்தரவுடே, உன்னைப் பத்தாந் தேதிக்குத் தள்ளிட்டாங்க" என்றேன்.

விரல்விட்டு நாளை எண்ணினான். பிறகு, "சரி அண்ணாச்சி, பன்னெண்டு நாள்தானே. நீங்க போறியள்லா, வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிருங்க, பாவம், தேடிக்கிட்டு இருப்பா" என்றான். ஒரு சின்னக் கம்பளிக் குல்லாயையும் கொடுத்தான். கீழே கடைவீதியில் வாங்கியது, சிவப்பு, காதை மூட இரண்டு பக்கமும் நாடா. அங்கே அடிக்கிற வெயிலில் எதற்குடா கம்பளி என்று சிரித்தேன். "அவ அப்பா எங்கன இருக்கான்னு தெரியட்டும்" என்றான்.

மூன்றாம் தேதி ஊர் வந்தேன். பந்தல்காரர், சமையல்காரர், ஐயர், பத்திரிகை. பனையடிக்குளம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஐந்து நாள். எட்டாம் தேதி பால் பொங்கியது. ஒன்பதாம் தேதி அவன் செத்துப்போனான். லீவுக்கு ஒரு நாள் இருந்தது.

லீவு முடிந்து போனபோது கமாண்டர் ரெஜிஸ்டரைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் குறிப்பைக் காட்டினார். கண் கலங்கியிருந்தார். "பிள்ளையைக்கூடப் பார்க்காமல் தானாக நின்றிருக்கிறான், இதை அறிக்கையில் கட்டாயம் சேர்" என்றார். நான் டைப் அடித்தேன். ஒரு தப்பும் இல்லாமல் அடித்தேன்.

அவன் வீரத்தில் பொய் இல்லை. மூன்று பேரைக் காப்பாற்றியது உண்மை. பொய் அந்த ஒரு வரிதான், அது என்னுடையது.

29.8.2025, வெள்ளி

காலையில் டிரங்குப் பெட்டி முற்றத்தில் திறந்து கிடந்தது. பகவதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நோட்டு மேஜையில் இருந்ததைப் படித்துவிட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் என் நோட்டைத் தொட்டதில்லை.

மடியில் அந்தக் குல்லா. நிறம்கூட மங்கவில்லை. நான் அதற்கு ஒன்றும் செய்ததில்லை. அவள்தான் தன்னிடம் இருந்த இன்னொரு சாவியால் திறந்து, வருஷாவருஷம் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறாள்.

"பால் காய்ச்சுன அன்னைக்கே இதைப் பாத்தேன். அப்போ நமக்குக் கல்யாணம் ஆகிப் பதினஞ்சு வருசமா வயித்துல ஒண்ணும் தங்கல. நீங்க ஆசையா வாங்கிட்டு, சொன்னா நான் அழுவேன்னு ஒளிச்சு வச்சிருக்கியன்னு நெனச்சேன். நானும் கேக்கல."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்துகொண்டாள்.

"அந்தப் பிள்ளை சாமானைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

31.8.2025, ஞாயிறு

தனியாகப் போனேன். டவுன் பஸ்ஸில்.

தாயும் மகளும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. கமாண்டர் முன்னால் நிற்பது போல நின்றுகொண்டே சொன்னேன். ரோஸ்டர், குறிப்புப் பத்தி, வீடு, சொல்லச் சொன்ன ஒரு வார்த்தை, எல்லாம். குல்லாயை ஸ்டூலில் வைத்தேன்.

சண்முகவடிவு அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ அவுக வரணும்னுதான் இருந்தாகளா?"

"ஆமாம்மா. தெனமும் 29, 29ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நடுவில் சிரித்தது போலவும் இருந்தது. "நான் என்னென்னவோ அவுகளைத் திட்டிட்டேனே. போட்டோவுக்கு மாலை போடும்போதெல்லாம் திட்டியிருக்கேனே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அத்தை போயி நாலு வருசம்தான் ஆகுது அண்ணாச்சி. அவ காதுல விழுற மாதிரி ஒரு நாள் வந்து சொல்லியிருக்கலாம்" என்றாள்.

சுபாஷினி குல்லாயை எடுத்து முஷ்டியில் மாட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. பிறகு என்னிடம் வந்தாள்.

"மன்னிப்புன்னு கேட்டுராதீங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஒம்பதாந் தேதி கல் திறப்புக்கு நீங்க வராதீங்க. மெடல் மாட்டிக்கிட்டு நீங்க அங்க நிக்கிறதைப் பாக்க எங்கம்மாவால முடியாது."

"வரமாட்டேம்மா" என்றேன். அது நியாயம்தான்.

2.9.2025, செவ்வாய்

ஜெபமணி சாப்பிடமும் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டார். "கிளார்க்குப் பயலே" என்றார் கடைசியில். முப்பது வருஷத்தில் அவர் என்னை அப்படிச் சொன்னது முதல் தடவை. அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று சுபாஷினி சொல்வாளாம். பட்டாலியனுக்கும் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தேன். இனி அவர்கள் பாடு.

7.9.2025, ஞாயிறு

சுபாஷினி போன் பண்ணினாள். வணக்கம் இல்லை, மாமா இல்லை.

"ஒண்ணு கேக்கணும். லீவு மாறாம இருந்திருந்தா எங்கப்பா என்னைக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்திருப்பாக? மூணாந் தேதின்னு மட்டும் தெரியும். நேரம் தெரியாது. எழுதி அனுப்புங்க."

வைத்துவிட்டாள்.

8.9.2025, திங்கள்

வீட்டுக்கு இருபத்தைந்து வருஷம். பகவதி பாயசம் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

9.9.2025, செவ்வாய்

கல் திறந்தாயிற்று. நான் போகவில்லை. பகவதி போனாள். நிற்க இடமில்லாத கூட்டமாம், சஜீவன் கொல்லத்திலிருந்து மகனோடு வந்திருந்தானாம், கல்லைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றானாம். அந்த வரி இருந்த இடத்தில் இப்போது, 'மகளைப் பார்க்க ஊருக்கு வரவிருந்தவர்' என்று வெட்டியிருக்கிறதாம். சண்முகவடிவு எல்லாரிடமும் அதை விரலால் காட்டிக்கொண்டே இருந்தாளாம். என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாள்.

எல்லாரும் போயிருந்த நேரத்தில் சுபாஷினி கேட்டதை எழுதினேன். லீவில் போகும் ஒவ்வொருவனுக்கும் பயண உத்தரவு அடித்துக் கொடுப்பது என் வேலை. அவனுக்கு மட்டும் அடிக்கவில்லை. மேலே அவன் நம்பர், பதவி, பெயர் எழுதிக் கீழே இப்படி எழுதினேன்.

29.8.2000, செவ்வாய். காலை ஆறு மணி, போஸ்டிலிருந்து நடை. மதியம் பேஸ் கேம்ப்.
30.8.2000, புதன். காலை கான்வாய். மாலை ஜம்மு. இரவு ரயில்.
31, 1. ரயிலில்.
2.9.2000, சனி. காலை சென்னை. மாலை ஐந்தரைக்கு பஸ்.
3.9.2000, ஞாயிறு. காலை ஏழு ஐம்பது, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட்.

எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று அவள் கேட்கமாட்டாள். கேட்டாலும் பதில் ஒன்றுதான். அந்தப் பயணத்தில் வந்தது நான். பஸ்ஸை விட்டு இறங்கியபோது பனையடிக்குளம் டவுன் பஸ் எதிரேயே நின்றது. கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், என் காதில் நன்றாகவே விழுந்தது. குல்லா என் பைக்குள் இருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் புது வீட்டைப் பார்க்க நடந்தேன்.

மீதியையும் எழுதினேன்.

காலை எட்டு பத்து, பனையடிக்குளம் பஸ்.
எட்டு ஐம்பது, பனையடிக்குளம் நிறுத்தம். அங்கிருந்து வீட்டுக்கு நடை, மற்றவர்களுக்குப் பத்து நிமிடம். அவன் நடைக்கு ஏழு நிமிடம்.
எட்டு ஐம்பத்தேழு, வீடு.

கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டினேன். தபாலில் போடவில்லை. நானே காலை எட்டு பத்து பஸ்ஸில் கொண்டுபோய் அவர்கள் வாசலில் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பிவிடுவேன். நாளைக்கு என்று எழுதக் கை வருகிறது. இல்லை, இன்னும் மாலை ஐந்து மணிதான் ஆகிறது. ஐந்தரைக்கு ஒரு பஸ் இருக்கிறது. செருப்பைப் போட்டுக்கொள்கிறேன்.